அரைப்பாட்டு அண்ணே

ஹட்டனில் அவர் போட்ட எந்தப் பாட்டும் முடிந்து நான் கேட்டதில்லை. பல்லவி வரும், சனம் கைதட்டிக்கொண்டு எழும்பும், சரணத்துக்குள் கால் வைக்கும் நேரம் பார்த்து வேறொரு பாட்டு குறுக்கே வந்து விழும். அதற்கும் அதே கதிதான். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, கடைத் திறப்பு என்று அவருடைய சவுண்ட் செட் எங்கே போனாலும் இதே பாடு. சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் எழுதப்போவதில்லை. அரைப்பாட்டு என்றால் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நேரில் அரைப்பாட்டு அண்ணே. முதுகுக்குப் பின்னால் வெறும் அரைப்பாட்டு.

பாட்டு மட்டுமா அரை? தேத்தண்ணியைப் பாதி குடித்து வைத்துவிட்டு எழுந்து போவார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் வயர் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிடும். பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு வளைவு முன்னமே இறங்கி நடப்பார். "என்னத்துக்கு உக்காந்துக்கிட்டு" என்பார். உட்கார்ந்திருப்பது ஒரு வியாதி என்று அவர் நினைத்தாரோ என்னவோ. மெலிந்த ஆள், கறுத்த ஜெர்கின், காற்சட்டைப் பைக்குள் எந்நேரமும் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டிருக்கும் ஒரு கை. அவர் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் நமக்கும் எங்கேயோ போகவேண்டியது போல ஒரு பதற்றம் வந்துவிடும்.

ஏன் பாட்டை வெட்டுகிறார் என்று கேட்காத ஆள் இல்லை. தொழில் காரணம் ஒன்று தயாராக வைத்திருந்தார். "பாட்டு முடிஞ்சா சனம் உக்காந்துரும் டீச்சர். உக்காந்த சனத்த எழுப்பவே முடியாது. சோத்தப் பாக்கும், மணியப் பாக்கும், வேன்காரனப் பாக்கும். விசேஷம் அதோட முடிஞ்சுது." அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்து விசேஷங்கள் பகலில்தான் நடக்கும். தோட்டம் தோட்டமாக வேன் பிடித்து வந்த சனம் மூடுபனி இறங்குவதற்குள் மலை ஏறியாக வேண்டும். ஆனால் கோயில் திருவிழாவில் யார் எழும்பி ஆடப் போகிறார்கள்? அங்கேயும் வெட்டினார். எங்கள் அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர், தோட்டத்துக் கோயில் கமிட்டியில் முக்கியமான ஆள். அவரே நேரில் போய்ச் சத்தம் போட்டார்.

"சாமி பாட்டையாவது முழுசா விடு தம்பி. மயில் மேல ஏறுன முருகன் இன்னும் எறங்கவே இல்ல, அதுக்குள்ள மாரியம்மாவக் கொண்டு வந்துட்ட."

"மாரியம்மாவும் காத்துக்கிட்டு இருக்குல்ல அண்ணே" என்றார் அவர்.

நான் படிப்பிக்கிற பாடசாலையின் அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமைசாலி. அவருடைய பிரியாவிடை விழாவுக்கும் இதே செட்தான். அதிபர் மேடையிலிருந்து இறங்கி வந்து, "தம்பி, உந்தப் பாட்டை ஒருக்கா முடிய விடுமன். நான் பென்சனில போறன், போக முன்னம் ஒண்டையாவது முழுசாக் கேப்பம்" என்று கெஞ்சினார். அண்ணே பவ்வியமாகத் தலையாட்டினார். அதிபர் திரும்பி நடந்து நாற்காலியில் உட்காருவதற்குள் பாட்டு மாறிவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெருடலாகவே இருந்தது. சாவு வீடுகளுக்கு செட் கொடுப்பார், கூடப் போகமாட்டார். வேறு யாரையாவது அனுப்பிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க பாட்ட மாத்த முடியாதுல்ல" என்று சொல்லிவிட்டு உடனே ஏணியில் ஏறிப் போய்விட்டார். அவருடைய மனைவியை ஒருநாள் அவர் செட் கடையில் பார்த்தேன், மத்தியானச் சாப்பாட்டோடு வந்திருந்தார். வாய் நிறையச் சிரிப்புள்ள மனுஷி.

"கல்யாணத்தன்னிக்கே பாதியில எந்திரிச்சுப் போனவரு டீச்சர். வேற எங்கயோ ஆம்பிளிஃபயர் பொகையுதுன்னு ஆள் வந்துச்சாம்."

"அப்புறம் திரும்பி வந்தாரா?"

"வந்தாரு. இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்காரு" என்றார் அந்த அம்மா. மேசையில் கிடந்த காலைச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். காலையில் கொடுத்தனுப்பியதில் பாதி அப்படியே இருந்தது.

இந்த மனுஷனிடம்தான் நான் என் கல்யாண வரவேற்பில் ஒரு பாட்டை முழுதாகப் போடச் சொல்லிப் போய் நின்றேன். புத்தி கெட்டுப் போய் அல்ல, எங்கள் சுற்றுவட்டத்தில் நல்ல செட் அவரிடம்தான் இருந்தது. பெட்ரோல் வரிசைகள் ஒருவழியாக ஓய்ந்து, தள்ளிப்போட்டிருந்த கல்யாணங்களெல்லாம் ஒரேயடியாக நடந்த வருஷம் அது. மற்ற செட்காரர்கள் கிடைக்கவும் இல்லை.

எனக்கு நிச்சயமான ரவி ராகலைக்காரர். சுற்றுலாக் கப்பல் ஒன்றின் சமையலறையில் சில வருஷம் வேலை செய்துவிட்டு வந்து, நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் சேர்ந்திருந்தார். அந்தக் கப்பலில் சாயங்காலமானால் ஒரு பேண்ட் வாசிக்குமாம். ஸ்விங் என்று பெயர். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் கூட்டமாக வரும், அடியில் பேஸ் என்ற ஆள் உயரத் தந்தி வாத்தியம் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும், தாளம் நேராகப் போகாமல் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போகும். தலை நரைத்த புருஷன் பெண்டாட்டிகள் கையைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஆடுவார்களாம். இவர் பாத்திரம் கழுவும் இடத்துக் கதவிடுக்கில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம்.

"தாலி, சடங்கு, சாப்பாடு, மண்டபம் எல்லாம் உங்க வீட்டு இஷ்டம், எங்க வீட்டு இஷ்டம்" என்றார் என்னிடம். "ஒரே ஒரு பாட்டு நம்ம ரெண்டு பேரு இஷ்டம். அந்த வயசானவங்க ஆடுனதப் பாத்தப்ப, நமக்குன்னு ஒருத்தி வந்தா மொத நாளே இப்படி ஆடணும்னு நெனச்சேன்."

இப்படிக் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? சனிக்கிழமை தோறும் அவருடைய அக்கா வீட்டு ஹாலில் பழகினோம். என் காலை அவர் மிதித்ததைவிட அவர் காலை நான் மிதித்ததுதான் அதிகம். ஆனால் சரியாக வந்துவிட்டால், ஐயோ, அப்படி ஒரு சந்தோஷம்.

பாட்டுத் தேர்வு அண்ணேயின் கடையில் நடந்தது. பேக்கரி ஒன்றின் மேல்மாடி. ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், நாங்கள் மூன்று பேர். ரவி ஒரு பென் டிரைவ் நிறைய ஸ்விங் பாட்டு கொண்டுவந்திருந்தார். அண்ணே உட்காராமல், சாவியைக் குலுக்கிக்கொண்டு, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடியே கேட்டார். ஒரு பாட்டுக்குக் கால் நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை.

"இது வேணாம். ஆரம்பமே இம்புட்டு நீளம். சனம் பேச ஆரம்பிச்சிரும்."

"இது வேணாம். இந்தம்மா அழுவுது. கல்யாண வீட்டுல எதுக்கு?"

"இது கோழி வெரட்டுற மாதிரி இருக்கு. வேணாம்."

ரவிக்கு முகம் சிவந்துகொண்டே வந்தது. அவருக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒன்று இருந்தது. அதன் நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்கி, டிரம் மட்டும் தனியாகக் கனத்து விழும். அந்த இடத்தை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அண்ணே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். டிரம் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். கீழே பேக்கரியில் வேலை செய்யும் பெரியவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"யாரு போனது? நம்ம லயத்து வீட்டு ஆளுங்களா?" என்றார் தாழ்ந்த குரலில்.

எங்கள் தோட்டங்களில் சாவுக்கு அடிக்கிற தப்பு வேறு, கல்யாணத்துக்கு அடிக்கிற தப்பு வேறு. தூரத்து மலையிலிருந்து கேட்டாலும் எது என்று தெரிந்துவிடும். அந்த டிரம் அச்சு அசல் சாவு அடியாக விழுந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரவி மட்டும் சிரிக்கவில்லை. "ஒலகமே கேக்குற பாட்டுங்க அது" என்றார் பரிதாபமாக.

"ஒலகம் கேக்கட்டும் தம்பி. உங்க சித்தப்பா பெரியப்பாமாரு அங்க உக்காந்து ஒப்பாரி வெச்சா நான் என்ன செய்ய?"

அடுத்தது சேலைப் பிரச்சினை. நான் கட்டப்போவது காஞ்சிபுரம். கொசுவம் எவ்வளவு விரியும், கால் எவ்வளவு எட்டும் என்று பார்க்க வேண்டும் என்றார் அண்ணே. மறுவாரம் அம்மாவின் கனமான பட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் முட்டி மோதி ஆடிக் காட்டினோம். வேகமான பாட்டெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் அடிபட்டுப் போயின. கடைசியில் ஒன்று தேறியது. அதில் பேஸ் மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும், திரும்ப ஏறிப் போய் இரண்டாவது தடவையும் இறங்கும். முடிவில் எல்லா டிரம்பெட்டும் சேர்ந்து ஆணி அடித்தது போல ஒரே ஒரு அடி. அண்ணே அதற்கு மாடிப்படி என்று பெயர் வைத்தார். அந்தப் பாட்டு ஓடும்போது மட்டும் அவருடைய சாவிச் சத்தம் நின்றுவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடியப்போகிற நேரம், "பேக்கரில மாலு பன் ஆறிரும்" என்று இறங்கிப் போய்விட்டார்.

திரும்பி வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, இந்தப் பாட்ட வெட்டக்கூடாது. எங்க கடைசி ஸ்டெப்பு அந்தக் கடைசி அடியிலதான் இருக்கு. நடுவுல வெட்டினீங்கன்னா அவரு என்னத் தூக்கிச் சுத்திக்கிட்டு இருப்பாரு, நான் அந்தரத்துல தொங்குவேன்."

"சரி டீச்சர்."

"இந்தச் சரி வேணாம். அதிபருக்கும் சரின்னுதான் தலையாட்டினீங்க. சத்தியம் பண்ணுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். ஆம்பிளிஃபயர் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவருக்கு அதுதான் சாமி.

நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றேன் என்றால், வீட்டில் அதற்குள் பெரிய சண்டை நடந்து முடிந்திருந்தது.

"ஆட்டமா?" என்றார் அப்பா. "ஆம்பளையும் பொம்பளையும் கையப் புடிச்சிக்கிட்டா?"

"புருஷன் பொண்டாட்டிதானேப்பா."

"அதெல்லாம் வீட்டுக்குள்ள. அங்க கோயில் கமிட்டி மொத்தமும் உக்காந்திருக்கும். மறுநா காலையில பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேரு கூப்பிடுறப்பவே நம்ம வீட்டுப் பேச்சுதான் ஓடும்."

"ஓடட்டுமே" என்றார் அம்மா. "ரெண்டு நாளைக்கு ஓடும். மூணாம் நாளு வேற வீட்டுப் பேச்சு வந்துரும்."

அப்பா அன்று சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நீ ஆடு. நான் தடுக்கல. ஆனா அந்த நேரம் நான் உள்ள இருக்க மாட்டேன்."

தடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? என் கல்யாணத்தில் நான் அதிகமாகச் சந்தோஷப்படப்போகிற நேரத்தில் என் அப்பா வெளியே நிற்பார். அழுகையும் கோபமுமாக வந்தது. அப்பாதான் இல்லை, பாட்டாவது முழுதாக இருக்கட்டும் என்று வீம்பு பிடித்துக்கொண்டேன்.

இனி நான் சொல்வது எனக்குப் பிற்பாடு அம்மா மூலம் தெரிந்தது. என்றாலும் இங்கேயே சொன்னால்தான் சரி. நான் சத்தியம் வாங்கிய அதே வாரம் அப்பாவும் பேக்கரிக்கு மேலே ஏறி அண்ணேயைப் போய்ப் பார்த்திருக்கிறார். வரவேற்பில் பெண்ணின் அப்பா வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சம்பந்தி பக்கத்தில் சபையில் உட்கார வேண்டும். வெகுநேரம் ஆளைக் காணோம் என்றால் ராகலைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதானே? உள்ளே இருந்தால் பெரட்டுக்களத்துப் பேச்சு, வெளியே நின்றால் சம்பந்தியின் மனத்தாங்கல். இரண்டுக்கும் நடுவில் மனுஷன் தவித்திருக்கிறார்.

"தம்பி, நீ எந்தப் பாட்டையும் முழுசா விடமாட்ட, அது ஊரறிஞ்சது. இதையும் வழக்கம் போல வெட்டிரு. ஒரு நிமிசம்னா நான் வெத்தல போடப் போன மாதிரி வெளிய போயிட்டு வந்துருவேன். யாருக்கும் தெரியாது."

"சரி அண்ணே" என்றிருக்கிறார் இவர். அப்பாவும் விடவில்லை, சத்தியம் வாங்கிவிட்டார். அப்பனும் மகளும் ஒரே மாதிரிதான். அந்த மனுஷன் ஒரே ஆம்பிளிஃபயர் மேல் இரண்டு சத்தியம் செய்துவிட்டு நின்றிருக்கிறார்.

கல்யாண நாளில் அண்ணே காலையிலேயே வந்துவிட்டார். மண்டபத்துக்குள் பெரிய பெட்டிகள். வெளியே வேன்கள் நிற்கும் இடத்தில், டிரைவர்மார்களுக்கும் வெற்றிலை போடுகிறவர்களுக்கும் என்று கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர். உள்ளுக்கு ஒரு ஆம்பிளிஃபயர், வெளிக்கு ஒன்று. குளிர் காற்று அடித்ததால் மண்டபத்துக் கதவுகளைச் சாத்தியே வைத்திருந்தார்கள். மண்டப மேனேஜர் சிங்களவர், நல்ல மனுஷன், ஆனால் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டார். "ஹதரட்ட இவர கரன்ன ஓன, மிஸ்" என்று நான் மாலையோடு நிற்கும்போதும் வந்து ஞாபகப்படுத்தினார். நாலு மணிக்கு முடித்துவிட வேண்டுமாம். அண்ணேயின் முகம் அன்று வெளிறிப் போயிருந்தது. மூன்று தேத்தண்ணி கப் மேசையில் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் பாதி.

சாப்பாடு முடிந்தது. படம் எடுத்து முடிந்தது. அண்ணே மைக்கில், "இப்ப மாப்பிள்ளையும் பொண்ணும்" என்று தொடங்கி வழக்கம் போல முடிக்காமல் விட்டார். சனம் நாற்காலிகளை ஒதுக்கி இடம் விட்டது. அப்பா எழுந்தார். வெற்றிலைப் பையை இடுப்பில் தொட்டுப் பார்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பக்கக் கதவைத் திறந்து வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரவி என் கையை அழுத்தி, "கால மட்டும் நெனச்சுக்க" என்றார்.

மாடிப்படி தொடங்கியது. பேஸ் ஒவ்வொரு படியாக இறங்கியது, நாங்களும் இறங்கினோம். சேலை ஒத்துழைத்தது. என் மாணவிகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கோயில் கமிட்டி நேராக நிமிர்ந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்தது. ஒரு சுற்றில் அண்ணே பக்கம் திரும்பினேன். வழக்கமாக வெட்டுகிற இடம் அது. அவருடைய கை மேசைக்கு மேலே போய் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கை சட்டென்று பக்கத்து ஆம்பிளிஃபயருக்குத் தாவியது. அதில் வேறொரு போனைச் செருகினார். உள்ளே மாடிப்படி ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே குழாயில் மட்டும் பாட்டு வெட்டுப்பட்டு, கூட்டமாக ஆடுகிற பைலாப் பாட்டு ஒன்று கிளம்பியது. சாத்திய கதவுக்கு அப்பால் அது மெல்லிசாகக் கேட்டது. உள்ளே யாரும் கவனிக்கவில்லை.

பிற்காலத்தில் இதைப் பற்றி அவரிடம் பல தடவை கேட்டேன். ஒருநாள், "வெளிய நின்னவருக்கு வெளிய வெட்டுனேன், உள்ள நின்னவங்களுக்கு உள்ள முழுசா விட்டேன். ரெண்டு சத்தியமும் காப்பாத்தியாச்சு" என்றார். இன்னொரு நாள், "பாட்டு நின்னா அவரு உள்ள வருவாருன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்?" என்று தொடங்கிவிட்டு யாரையோ பார்க்க வேண்டும் என்று போய்விட்டார். எது நிஜம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பா உள்ளே வந்தார். ஆட்டம் முடிந்தது என்ற நம்பிக்கையில், முகத்தில் ஒரு ஆறுதலோடு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். பேஸ் இரண்டாவது தடவை இறங்கத் தொடங்கிய நேரம் அது. நான் ரவியின் கையிலிருந்து சுழன்று விலகி, திரும்ப அவர் கைக்கே வந்துகொண்டிருந்தேன். அப்பா கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போகப் பார்த்தார். அதற்குள் ரவியின் அப்பா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க சம்பந்தி, எங்க போனீங்க? இங்கேருந்து நல்லாத் தெரியுது. உக்காருங்க."

சம்பந்தி கூப்பிட்டால் எப்படி மறுப்பது? உட்கார்ந்தார். முதலில் தரையைப் பார்த்தார். நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் என் கண் அங்கேதான் போனது. தரையைப் பார்த்தவர் என் காலைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம். அழுகிறேன் என்று எனக்கு நினைப்பு. கடைசி அடி வந்தது, டிரம்பெட் எல்லாம் சேர்ந்து அடித்தது, ரவி என்னைத் தூக்கிச் சுற்றி இறக்கினார். சரியாக வந்தது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. அண்ணேயின் செட் வந்த விசேஷத்தில் பாட்டு முடிந்த பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கைதட்டவும் தோன்றவில்லை. அடுத்த பாட்டு வரும் வரும் என்று காத்திருந்தார்கள். எல்லாரும் அண்ணேயைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார். எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பார்த்து உண்மையிலேயே பயமாக இருந்தது. மனுஷன் விழுந்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

அந்த அமைதியில் அப்பாவின் குரல் கேட்டது. ஃபெக்டரி மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், மெதுவாகப் பேசினாலே மண்டபம் முழுக்கக் கேட்கும்.

"தம்பி, அத மொதல்லேருந்து இன்னொரு தடவ போடு. நான் ஆரம்பத்தப் பாக்கல."

கோயில் கமிட்டி மொத்தமும் அப்பா பக்கம் திரும்பியது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ரவி என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன்.

அண்ணேக்கு உயிர் வந்தது. திரும்பவும் மாடிப்படி. இந்தத் தடவை கால் எதையும் நினைக்கவில்லை, அதுவே போனது. அப்பா முன்வரிசைக்கு நகர்ந்து வந்து, முழங்காலில் கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து பார்த்தார். பேஸ் ஒரு தடவை இறங்கியது. ஏறியது. இரண்டாவது தடவை இறங்குவதற்கு நான் சுழன்று விலகி, கையை நீட்டிக்கொண்டு திரும்புகிறேன், பாட்டு நின்றது. வெட்டு என்றால் வெட்டு, கத்தரியால் வெட்டிய மாதிரி. அடுத்த நொடி பைலா. நான் ஒரு காலைத் தூக்கியபடி நடுவில் நிற்கிறேன். வந்த கோபத்துக்கு, மேசையில் இருந்த அரைத் தேத்தண்ணியை எடுத்து அவர் தலையில் ஊற்றியிருப்பேன்.

"அண்ணே!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்து, பைலாவுக்கு மேலே சத்தமாகச் சொன்னார்: "மிச்சத்தத்தான் மொதல்லயே பாத்துட்டீங்களே அண்ணே."

சனம் எழும்பி ஆட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு அப்பாவைத் தேடினேன். அவர் கோயில் கமிட்டிக்காரர்களுக்கு நடுவில் எழுந்து நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது, அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"ஆமாம்மா" என்றார் என்னிடம், எல்லாரும் கேட்க. "பாத்துட்டேன்."